பொட்டு வைத்த கராபின்

ஒரு துப்பாக்கியை வாங்கப் போகிறவர் அதைக் கையில் எடுத்ததும் முதலில் செய்யவேண்டியது, போல்டைத் திறந்து உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. விற்பவர் சத்தியம் பண்ணினாலும் பார்க்கவேண்டும். சுடும் சங்கத்தில் எனக்கு முதல் நாள் சொல்லித்தந்தது இதுதான். அந்தத் திங்கட்கிழமை பின்னேரம், லா சப்பலில் ஒரு வீட்டின் ஐந்தாம் மாடியில் என் கையில் தரப்பட்ட கராபினின் போல்ட் அசையவே இல்லை.

நான் சட்டை தைப்பவள். சேலைக் கடைகளுக்கு நடுவே, இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்கவேண்டிய அளவில் ஒரு கடை வைத்திருக்கிறேன். ஊசியில் நான் ஒரே தடவையில் நூல் கோப்பதைப் பார்த்த ஒரு பிரெஞ்சு வாடிக்கைக்காரிதான், இந்தக் கண்ணையும் கையையும் சட்டைக்கு மட்டும் கொடுக்காதே என்று தன் சங்கத்துக்குக் கூட்டிப்போனாள். நிலத்துக்குக் கீழே நீளமான ஒரு கூடம். ஐம்பது மீற்றர் தள்ளி ஒரு கடதாசி. அந்தக் கடதாசியின் நடுவில் ஓட்டை போடுவதற்காக நான் நாலு வருடமாக வாரம் தவறாமல் போய் வருகிறேன்.

"சனம் யோகாவுக்குப் போகுது, நீச்சலுக்குப் போகுது. உமக்கு மட்டும் துவக்குக் கேக்குது" என்பார் கணவர். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே நாங்கள் இஞ்சை ஓடி வந்தனாங்கள்?"

"அப்ப சுட்டது ஆரோ. இப்ப சுடுறது நான்" என்பேன். அத்துடன் அவர் தொலைக்காட்சியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்வார்.

சங்கத்துத் துப்பாக்கிகளெல்லாம் நெட்டையான ஆண்களை நினைத்துச் செய்தவை. கட்டை என் தோளில் பட்டால் விரல் விசைக்கு எட்டாது. விரல் எட்டினால் கண் குறிக்கு வராது. அடுத்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு கலியாணத்துக்குப் போவதுபோல நாலு வருடமும் சுட்டுவிட்டேன். என் அளவுக்கு ஒன்று வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் வந்தது. அந்த ஆசை எவ்வளவு பெரிது என்பது அன்று பின்னேரம்தான் எனக்கே தெரியவந்தது.

விற்க நினைத்தவர் பாண்டிச்சேரிக்காரர். எழுபதைத் தாண்டியவர். பிரெஞ்சு இராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர், அவர்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவருடைய மனைவிக்கு நான்தான் சட்டை தைக்கிறேன். ஒருநாள் தைத்த சட்டையை எடுக்க வந்தவர், சுவரில் நான் குத்தி வைத்திருந்த இலக்குக் கடதாசியைப் பார்த்துவிட்டார்.

"இது யாரும்மா சுட்டது?"

"நான்தான் ஐயா."

மேலும் கீழுமாக என்னைப் பார்த்தார். "என்கிட்ட ஒரு கராபின் கெடக்கு. இருபத்திரண்டு காலிபர். போல்ட் போட்டது, ஒவ்வொரு தோட்டாவா போட்டுத்தான் சுடணும். வேட்டைக்குப் போக இனிமே கால் இல்ல. வந்து பாரு."

இங்கே துப்பாக்கி கைமாறுவது கத்தரிக்காய் கைமாறுவதுபோல் இல்லை. என்னிடம் லைசென்ஸ் இருக்கவேண்டும், அவரிடம் பெர்மி என்கிற வேட்டை அனுமதிச் சீட்டு இருக்கவேண்டும். ஆயுதக் கடைக்காரர் ஒருவர் முன்னால் கடதாசிகளை முடித்தபிறகுதான் எடுக்கலாம். அன்று நான் போனது பார்க்க மட்டும்தான்.

அவர்களுடைய வீடு ஸ்டாலின்கிராட் பக்கமாகப் போகும் மெத்ரோ ரயில் பாலத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒவ்வொரு மெத்ரோ போகும்போதும் யன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. வரவேற்பறை சின்னது, அதிலும் ஓரமாக விருந்தாளிக்கென்று ஒரு கட்டில். வெளிச்சுவர் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அரிசி மூட்டைகள். எதிர்ப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர், தட்டினால் டொக்கென்று கேட்கும் வகை. அதற்கு அப்பால் குசினி. குசினி வாசலில் சேலைத் துணியில் ஒரு திரை தொங்கியது. உள்ளே அந்த அம்மா கோப்பை கழுவும் சத்தமும், ஊன்றுதடி தரையில் படும் சத்தமும் கேட்டன. போன இலையுதிர் காலத்தில் அவருக்கு முழங்காலில் ஒப்பரேசன் நடந்திருந்தது.

ஐயா படுக்கையறை அலுமாரியிலிருந்து கராபினைக் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் நீட்டினார். குழலைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடி கட்டையை ஒரு கணம் தோளில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் வந்து உட்கார்ந்தது. விரல் விசைப் பக்கம் போகாமலே எட்டும் என்று தெரிந்தது. இதுதான் என்னுடையது என்று மனம் அப்போதே முடிவெடுத்துவிட்டது. வாங்கப் போகிறவருக்கு இதைவிடக் கெட்ட நிலை வேறு இல்லை.

பிறகுதான் பொட்டுகளைப் பார்த்தேன். குழலில் மூன்று, கட்டையில் இரண்டு, போல்டின் குமிழில் ஒன்று. காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு சாமி முன்னாடி வெப்போம்" என்றார் பெருமையாக. "முப்பது வருஷமா ஒரு வருஷம் தவறல. அதெல்லாம் அவ டிபார்ட்மெண்ட். நான் தொடறதில்ல."

நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டினேன். கீழே இரும்பு குழிந்து கறள் பிடித்திருந்தது. சந்தனத்தின் ஈரம் முப்பது வருடமாக ஒரே இடத்தில் இருந்து தின்றிருக்கிறது. குழலின் வாயோரத்திலும் ஒரு பொட்டு. சன்னம் வெளியே போகும் அந்த விளிம்பு பழுதானால் குறி தப்பும். மனதுக்குள் எனக்கு எரிச்சல் கிளம்பியது. சாமிக்கு வைக்கிறதென்றால் பக்கத்தில் ஒரு வெற்றிலையில் வைத்தால் ஆகாதா?

மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். நல்லெண்ணெய் மணத்தது. எனக்கு அடுத்தது விளங்கிவிட்டது. தையல் மெசினுக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் விட்டுவிட்டு, இறுகிப்போச்சு அக்கா என்று கொண்டுவரும் சனத்தை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பசையாகும், பிறகு அரக்காகும். போல்டின் கைபிடியை மேலே தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளங்கையால் தள்ளினேன். இல்லை.

"குடு, நான் பாக்கறேன்" என்று வாங்கினார். அவராலும் முடியவில்லை. "கொஞ்ச நாளா தொடாம இருந்துதுல்ல. ஆயுதக் கடைக்காரன் ரெண்டு நிமிஷத்துல எடுத்துருவான். நீ குழலைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கும். முன்னாடி இருந்து கண்ணை வெச்சுப் பாரு."

"முன்னாலை இருந்து பார்க்க மாட்டன் ஐயா. போல்ட் திறந்தால்தான் பார்ப்பன்."

"ஏன்?"

"உள்ளை சன்னம் இருந்தால்?"

அவர் முகம் மாறியது. "இது என் வீடும்மா. தோட்டா எல்லாம் வேற பெட்டியில பூட்டி இருக்கு. சாவி இந்த அறையில ஆணியில தொங்குது. நான் பதினஞ்சு வருஷம் சொல்தா. தோட்டா போட்ட துப்பாக்கியை அலமாரியில வெப்பேனா?"

அவர் கோபித்ததில் நியாயம் இருந்தது. ஆனால் என் கண் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. போல்டின் பின்புறத்தில் ஒரு குமிழ் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சுடும் ஊசியின் சுருள்வில் இழுபட்டு நிற்கிறது, அதாவது சுடத் தயாராக நிற்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உறங்கப் போடும் துப்பாக்கியின் வில்லை யாரும் இப்படி விடமாட்டார்கள்.

"ஐயா, இது இழுபட்டுக்கிடக்கு. நீங்கள்தான் இப்பிடி வைச்சனீங்களோ?"

ஒரு கணம் குமிழைப் பார்த்தார். அவருக்கும் அது புதிது என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் பெண்பிள்ளை ஒருத்தி, அதுவும் சட்டை தைக்கிறவள், தன் வீட்டில் நின்று கேட்கிறாள். "நான்தான் அப்படி வெச்சிருப்பேன். வேற யார் வெப்பா?" என்றார். "உனக்கு என்ன, காலியா இல்லையான்னு தெரியணும். அவ்ளோதானே?"

கராபினைத் தூக்கினார். குழல் தடுப்புச் சுவரைப் பார்த்தது.

"பொறுங்கோ ஐயா" என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. அதுவும் மெதுவாக, வீட்டுக்காரரின் மனம் கோணாத குரலில். இன்னும் ஒரு சொல் சொன்னால் இவர் கோபத்தில் விற்கவே மாட்டார் என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டது. நான் யன்னல் பக்கமாக இரண்டு அடி விலகி நின்றேன். சுவருக்கு அப்பால் கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் விசையை இழுத்தார்.

தொப்பென்று ஒரு மந்தமான சத்தம். சேற்றில் கல் விழுந்ததுபோல. வேறொன்றும் நடக்கவில்லை.

"பாத்தியா?" என்றார். வெற்றிச் சிரிப்பு.

குமிழைப் பார்த்தேன். பாய்ந்து உள்ளே போகவேண்டியது, அசைந்து அசைந்து ஊர்ந்து போய் அமர்ந்தது. எண்ணெய்ப் பசைக்குள் சுடும் ஊசி நீந்திப் போயிருக்கிறது. தையல் மெசினில் ஊசி அரைவாசியில் நின்றுவிட்டால், கீழே துணி இல்லை என்று அர்த்தமாகாது. அதைச் சொன்னேன். "இப்பதான் ஐயா எனக்கு வடிவாப் பயமாக்கிடக்கு. ஊசி பலமாய் அடிக்கேல்லை. உள்ளை ஒண்டு இருந்தால் அது இன்னும் அப்பிடியே இருக்கு. சிலவேளை பிந்தியும் வெடிக்கும். அந்த மூட்டையைப் பார்க்கப் பிடியுங்கோ. சுவரைப் பார்க்க வேண்டாம்."

இம்முறை என் குரலில் மரியாதை குறைந்திருக்கவேண்டும். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு குழலை அரிசி மூட்டைகளின் பக்கம் திருப்பினார். நான் கிட்டப் போய் அதே திசையில் வைத்தபடியே வாங்கிக்கொண்டேன். ஒரு கதிரையை இழுத்து, அதன் முதுகில் கராபினைத் தாங்கவைத்து, மூட்டையைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு மூட்டை அரிசியும் அதன் பின்னால் கல்லுச் சுவரும். அந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தார். ஒரு கையில் தடி, மற்றக் கையில் காப்பித் தட்டு.

"அம்மா, இந்தப் பக்கம் வாங்கோ. எனக்குப் பின்னாலை வந்து இருங்கோ" என்றேன்.

ஒன்றும் கேட்காமல் வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் ஒரு காப்பியை வைத்தார். பிறகு பின்னால் கட்டிலோரமாக இருந்துகொண்டார்.

பொலிசைக் கூப்பிடலாமா என்று நினைக்காமல் இல்லை. லா சப்பலில் ஒரு தமிழ் வீடு, துப்பாக்கி, உள்ளே தோட்டா இருக்கலாம் என்று நான் ரெலிபோனில் சொன்னால், கீழே தெருவை இரண்டு பக்கமும் மறித்துவிட்டு எத்தனை பேர் படியேறுவார்கள் என்றும் நினைத்தேன். "பொலிசுக்குச் சொல்லுவமோ ஐயா?" என்று கேட்டும் விட்டேன்.

"என் வீட்டுக்கா?" என்றார். அவ்வளவுதான். அவர் மறுத்ததில் எனக்கு ஆறுதலாகவே இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

என் கைப்பையில் மெசின் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. கடையிலிருந்து நேரே வந்தவள். போல்டின் இடுக்குகளில் ஒவ்வொரு துளியாக விட்டேன். தண்ணீர்போல் மெல்லிய எண்ணெய், பழைய பசைக்குள் தானாக இறங்கும். ஆனால் நேரம் கொடுக்கவேண்டும். அவசரப்பட்டுத் தட்டவோ அடிக்கவோ கூடாது. ஒரு கையால் கராபினைப் பிடித்தபடி, மற்றக் கையால் துளி விட்டபடி நின்றேன். மெத்ரோ ஒன்று போனது. இன்னொன்று. நான் எண்ணத் தொடங்கினேன். ஏழாவது போகும்போது தோள் நடுங்கியது. வெடித்தால் எப்படி இருக்கும் என்று சங்கத்தில் ஆயிரம் தடவை கேட்டவள்தான், ஆனால் அங்கே காதுக்கு மூடி உண்டு, எனக்குப் பின்னால் தடியோடு ஒரு அம்மா இல்லை.

ஐயா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். போய்த் தோட்டாப் பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டு வந்தார். எத்தனை இருக்கவேண்டும் என்று அவருக்கே நினைவில்லை என்பது திரும்பி வந்த முகத்தில் தெரிந்தது.

பதினோராவது மெத்ரோ போனபிறகு கைபிடியை உள்ளங்கையால் மேலே தள்ளினேன். பிசின் விடுவதுபோல் மெல்ல அசைந்தது. இன்னும் இரண்டு துளி. மறுபடி தள்ளினேன். மேலே வந்தது. போல்டைப் பின்னால் இழுத்தேன். கூடவே ஒன்று வந்து, தடக்கி, கம்பளத்தில் விழுந்தது.

நுனியில் ஈயம் மங்கிய சின்னத் தோட்டா. சுண்டுவிரலின் பாதி நீளமும் இல்லை. அது ஐயாவின் காலடிக்கு உருண்டது.

நான் குழலுக்குள் வெளிச்சம் அடித்து வேறொன்றும் இல்லை என்று பார்த்தேன், விரலை விட்டும் பார்த்தேன். அதன்பிறகுதான் கராபினைக் கட்டிலில் கிடத்தினேன்.

ஐயா குனிந்து தோட்டாவை எடுத்தார். இந்த வகைத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பில்தான் இருக்கும், ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். அவர் அதைத் திருப்பி விளிம்பைத் தடவினார். கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். நகம் பட்டதுபோல் ஆழமில்லாத ஒரு பள்ளம். சற்றுமுன் அவர் இழுத்த விசையின் அடையாளம் அது. நல்லெண்ணெய் மட்டும் இறுகியிருக்காவிட்டால்.

அவர் தடுப்புச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அளவெடுப்பது என் தொழில். குழல் நின்ற உயரம் எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் தோள் உயரமும் தெரியும், வருடத்துக்கு நாலு சட்டை தைக்கிறேன்.

"இது எப்படி உள்ள போச்சு?" என்றார்.

"நான்தான் வெச்சேன்" என்றார் அம்மா, பின்னாலிருந்து.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"ஆயுத பூஜைக்கு வெறும் துப்பாக்கியை எப்படிங்க சாமி முன்னாடி வெக்கிறது? வெறுங்குடத்தை வெப்போமா? அரிசி இல்லாத படியை வெப்போமா? வருஷா வருஷம் ஒண்ணு போட்டு மூடி வெப்பேன். மறுநா காலையில எடுத்துப் பெட்டியில போட்ருவேன். நீங்க பண்றதைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "போன தடவை பூஜைக்கு மறுநா காலையிலதான் என்னை ஒப்பித்தாலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க, காலுக்கு. மறந்துட்டேன்."

இத்தனை மாதமும் அது அலுமாரியில், அவர்கள் தலைமாட்டில் இருந்திருக்கிறது. ஐயா வாயைத் திறந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "உனக்கு என்ன பைத்தியமா" என்று தொடங்கினார், முடிக்க முடியவில்லை. கதிரையில் இருந்துவிட்டார். தோட்டாவை மூடிய கை மடியில் கிடந்தது. கண் மட்டும் அந்தச் சுவரை விடவில்லை.

எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் பொங்கியது. சாமியும் சொல்தாப் பெருமையுமாகச் சேர்ந்து ஒரு கொலை செய்யப் பார்த்தீர்களே என்று சொல்ல வாயெடுத்தேன். போல்டை இழுத்தவள் நான், இந்த வீட்டில் புத்தியோடு நடந்தவள் நான் மட்டும்தான் என்ற நினைப்பு அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

அதற்குள் அம்மா தடியை ஊன்றி எழுந்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் சுவரோரம் காப்பி கலக்கிக்கிட்டே திரை இடுக்குல பாத்துக்கிட்டுத்தான் இருந்தேம்மா. காப்பி எடுத்துட்டு வரலாமா, பேசிட்டு இருக்கீங்களேன்னு நின்னேன். அவரு துப்பாக்கியைத் தூக்கினதும் நீ அந்தப் பக்கம் நகந்து நின்ன."

நான் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகினேன்.

"அவரு காலின்னு நெனச்சு இழுத்தாரு. நான் மறந்து போயிட்டேன். நீ உள்ள இருக்கும்னு நெனச்சுத்தானே நகந்த?"

அவர் குரலில் கோபம் இல்லை. சட்டைக்குக் கை நீளம் எவ்வளவு என்று கேட்கும் அதே குரல். சுவருக்கு அப்பால் ஆள் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கரண்டிச் சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அம்மா, வெளியே வாங்கோ என்று ஒரு சொல் கத்தியிருந்தால் போதும். கத்தினால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், கராபின் கிடைக்காது.

"ஓம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முக்காலியில் எனக்கென்று வைத்திருந்த, நான் இன்னும் தொடாத காப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.